செவலை ஏன் தூங்கி நின்றது?

எங்கள் பக்கத்தில் கோழிக்கு வருகிற எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான்: "தூங்குது." வெள்ளைக்கழிச்சலா, தூங்குது. முட்டை அடைத்துக்கொண்டதா, தூங்குது. வெயில் தாங்கவில்லையா, அதுவும் தூங்குது. வைத்தியமும் எல்லா வீட்டிலும் ஒன்றேதான்: "கண்ணை மூடுறதுக்குள்ள அடிச்சுக் குழம்பு வச்சிருங்க." எங்கள் ஏழாயிரம்பண்ணை என்றில்லை, சாத்தூரில் ஆரம்பித்துச் சங்கரன்கோவில் வரைக்கும் இதுதான் நடைமுறை என்று நினைக்கிறேன்.

என் வீட்டுச் செவலை வேப்பமரத்தடியில் இறகை உப்பிக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டு மதினியும் அதையேதான் சொன்னார். "தம்பி, சீக்கு வந்துருச்சு. இன்னைக்கே அடிச்சிருங்க. நாளைக்குன்னா கறிக்கும் ஆகாது." மதினி சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாட்டுக்கோழி விற்கிற விலையில் செத்த கோழி நஷ்டம், அடித்த கோழி குழம்பு. ஆனால் செவலை முட்டைக்காக வைத்திருக்கிற சிறுவிடை. பஞ்சாரத்தைத் தூக்கினால் முதல் ஆளாக வெளியே பாய்கிற பெட்டை. என்ன நோய் என்றே தெரியாமல் அதைச் சட்டியில் போட மனசு வரவில்லை. தவிர, அது ஒட்டுகிற நோயாக இருந்தால் செவலையை அடிப்பதால் மற்ற கோழிகள் பிழைத்துவிடப் போவதுமில்லை.

கோழி கடைசி வரைக்கும் நோயைக் காட்டிக்கொடுக்காது. பருந்துக்கும் கீரிக்கும் நாய்க்கும் நடுவில் வாழ்கிற உயிர், தளர்ந்து தெரிந்தால் அதோடு கதை முடிந்தது. கூட்டத்துக்குள்ளேயே ஆபத்து உண்டு. நார்வேக்காரர் ஒருவர், தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே, சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து, யார் யாரைக் கொத்தலாம் என்று அவற்றுக்குள் ஒரு வரிசை இருப்பதை 1921இல் எழுதினார். அந்த வரிசையில் மேலே இருக்கிற கோழி நோயில் விழுந்தால் நேற்று வரை பயந்து ஒதுங்கியவையெல்லாம் வந்து கொத்தும். அதனால் முடிந்த மட்டும் நிமிர்ந்து நிற்கும், இரை பொறுக்குவதுபோல மண்ணைக் கிளறும். நம் கண்ணுக்குத் "தூங்குது" என்று படும்போது நோய் உள்ளே பாதித் தூரம் போயிருக்கும்.

ஆகவே தூக்கத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வேறு தடயம் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது நோய்ப்பட்ட கோழியை அல்ல, மற்ற கோழிகளை. ஒன்று மட்டும் சுணங்கியிருக்கிறதா, இரண்டு மூன்று சேர்ந்து சுணங்கியிருக்கின்றனவா? பக்கத்து வீடுகளில் எப்படி? இந்த ஒரு கேள்வி பாதி நோய்களைத் தள்ளிவிடும். பல கோழிகள் அடுத்தடுத்துச் சாய்ந்தால் தொற்று, அல்லது எல்லாம் சேர்ந்து தின்ற ஏதோ ஒரு விஷம். ஒரு கோழி மட்டும் என்றால் பெரும்பாலும் அதன் உடம்புக்குள் ஏதோ சிக்கல். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். தொற்றும் எங்காவது ஒரு கோழியில்தான் தொடங்கும்.

இங்கே தொற்று என்றாலே எல்லோர் மனதிலும் வருவது வெள்ளைக்கழிச்சல். டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோதுதான் உலகம் இதைத் தனி நோயாகக் கவனித்தது. அங்கே அதன் பெயர் நியூகாசில் நோய். ஓரிரு ஆண்டில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் அதையே கண்டு எழுதினார்கள், நமக்கு அந்த ஊர்ப் பெயர் நிலைத்துவிட்டது. அதே குமாவுன் மலையில், முக்தேசுவரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில்தான் 1940களில் இதற்குத் தடுப்பூசியும் உருவானது. இன்றும் எட்டு வாரக் கோழிக்கு இறக்கைப் பக்கத்துத் தோலடியில் ஊசி போடுகிறார்கள்.

வெள்ளைக்கழிச்சல் வந்த கோழி பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணியாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பிழைத்துக் கிடப்பவற்றில் சில கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும், கால் இழுக்கும். ஊசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் பத்தில் ஒன்பது போய்விடும். செவலையின் பக்கத்தில் மற்றவை வழக்கம்போலக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன, சேவல் வழக்கம்போல அடாவடி செய்துகொண்டிருந்தது. தெருவிலும் எங்கேயும் சாவு இல்லை. இருந்தாலும் செவலையை மட்டும் பிடித்துத் திண்ணையில் தனிப் பஞ்சாரத்தில் போட்டேன். என்ன நோயாக இருந்தாலும் தனியே போடுவதில் நஷ்டமில்லை. அடியில் பழைய செய்தித்தாளை விரித்தேன். இது முக்கியம். செய்தித்தாள் இல்லாவிட்டால் எச்சம் மண்ணோடு போய்விடும், பாதித் தடயம் அதோடு போகும்.

எச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முகம் சுளிக்க வேண்டாம். கோழிக்கு மூத்திரம் தனியாகக் கிடையாது. நல்ல கோழியின் எச்சம் பழுப்பாகக் கட்டியாக இருக்கும், மேலே வெள்ளைத் தொப்பி. அந்த வெள்ளைதான் அதன் மூத்திரம். நாளுக்கு ஒன்றிரண்டு தடவை குழகுழவென்று கரும்பழுப்பாக, நாற்றம் தாங்காமல் ஒன்று போடும். பார்த்ததும் நோய் என்று பதறுவார்கள், ஆனால் அது குடல்வாலில் தங்கி நொதித்து வருவது, எல்லாக் கோழிக்கும் உள்ளது. குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் ரத்தக்கழிச்சல், அதற்கு உடனே மருந்து வேண்டும். நெளிகிற புழு தெரிந்தால் குடற்புழு. செவலை போட்டது எதிலும் சேரவில்லை: கொஞ்சமே கொஞ்சம், கரும்பச்சை, சுற்றிலும் தண்ணீர். பச்சை என்றதும் மதினி, "நான் சொன்னேன்ல" என்றார். ஆனால் வயிற்றுக்குள் தீனி போகாதபோது பித்தநீர் மட்டும் இறங்கினாலும் எச்சம் பச்சைதான். இந்தப் பச்சை நோயின் பெயரைச் சொல்லவில்லை, பட்டினியைச் சொல்கிறது.

அப்படியென்றால் அது ஏன் சாப்பிடவில்லை?

நோயே இல்லாமல் கோழி சாப்பிடாமல் கிடப்பதும் உண்டு. அடைக்கு உட்காரப் போகிற கோழி இறகை உப்பிக்கொண்டு, பக்கத்தில் போனால் உறுமும், கொண்டை வெளிறும், நாளுக்கு ஒரு தடவை இறங்கி அவசரமாகக் கொத்திவிட்டு ஓடும். இறகு உதிர்க்கிற காலத்திலும் முட்டையை நிறுத்திவிட்டு அழுக்குத் துணியாய்த் திரியும். டவுனிலிருந்து புதிதாகக் கோழி வளர்க்க வந்தவர்கள் இந்த இரண்டுக்கும் டாக்டரிடம் ஓடுவார்கள். செவலைக்கு இறகெல்லாம் முழுசாக இருந்தது, கூடையில் உட்காரவும் இல்லை.

சித்திரை வெயில் என்றால் முதலில் வெயிலைத்தான் சந்தேகப்பட வேண்டும். கோழிக்கு வியர்க்காது, அதன் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல். நம் ஊர் மத்தியானத்தில் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் அது மத்தியான நோய், விடியற்காலையில் இருக்காது. செவலை விடிகாலையிலும் தூங்கியது.

அடுத்து கையில் எடுத்துப் பார்த்தேன். கொண்டை வெளிறியிருந்தது, ஆனால் அம்மைக் கொப்புளம் இல்லை. கண்ணில் நுரையில்லை, முகத்தில் வீக்கமில்லை, மூக்கில் சளியில்லை. இறக்கைக்கு அடியிலும் வால் பக்கத்திலும் இறகை விலக்கினால் ஓரிரு பேன், அவ்வளவுதான். பகலில் பேன் தெரியவில்லை என்று திருப்திப்பட்டுவிடவும் கூடாது. செள்ளு பகலெல்லாம் கூட்டின் பொந்தில் ஒளிந்துகொண்டு ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். நெஞ்செலும்பைத் தடவினேன்: கத்தி முனையாகத் துருத்திக்கொண்டிருந்தது. அப்படியென்றால் இது இன்று நேற்று வந்ததல்ல. இறகு மூடியிருந்ததால் இளைப்பு தெரியாமல் போயிருக்கிறது.

பெட்டைக்கோழி என்றால் முட்டை அடைப்பைப் பார்க்காமல் விடக் கூடாது. முட்டை வழியில் சிக்கினால் கோழி வாலைத் தாழ்த்தி, நட்டக்குத்தலாக நின்று முக்கும். ஆசனவாய்க்குக் கீழே, இரண்டு இடுப்பெலும்புக்கு நடுவில் கெட்டியாக முட்டை கைக்குத் தட்டுப்படும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு முங்க உட்கார வைத்தால் சிலது இறக்கிவிடும். நாட்டுக்கோழிக்கு இது அதிகம் வராது. காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைக்கிற ஜாதி. அதைப் பழக்கிப் பழக்கி 300 முட்டை வைக்கிற பண்ணைக்கோழியாக்கினார்கள், அந்தப் பாரம் அதன் கருப்பைக்குத்தான் தெரியும். செவலையின் வயிற்றில் முட்டை இல்லை.

மிச்சம் இருந்தது இரைப்பை. கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்குகிற இடத்தில், கொஞ்சம் வலப்பக்கமாக இருக்கிற பை. கோழி பொறுக்கியது முதலில் அங்கேதான் சேரும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்கு இறங்கும். சாயங்காலம் நிறைந்திருப்பது இயல்பு. விடியும்போது காலியாக இருக்க வேண்டும். கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு பரிசோதனைதான் சொல்லித்தர முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: ராத்திரி அடைந்த பிறகு ஒரு தடவை தொட்டுப் பார், காலையில் தீனி வைப்பதற்கு முன்னால் மறுபடி தொட்டுப் பார். நடுவில் தீனி கொடுக்காதே. காலையிலும் பை தொளதொளவென்று தண்ணி மூட்டையாக இருந்து, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை பிடித்துப் புளித்திருக்கிறது. கெட்டியாக இருந்தால் அடைப்பு.

செவலையின் இரைப்பை ராத்திரியும் கெட்டி, காலையிலும் அதே கெட்டி. பிசைந்து வைத்த மாவு உருண்டையைத் துணியோடு பிடித்ததுபோல இருந்தது, அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

இதற்குள் மதினி மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் பூண்டும் கீழாநெல்லியும் அரைத்து உருண்டை பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, இது வெறும் பாட்டி வைத்தியமில்லை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூரிலிருந்து பரவலாக்கிய மூலிகை மருத்துவத்திலும் கழிச்சலுக்கு இதே சரக்குகள்தான் வரும். ஆனால் அடைத்துக் கிடக்கிற பைக்குள் இன்னொரு உருண்டையைத் தள்ளி என்ன பயன்? "இது கழிச்சல் இல்ல மதினி, அடைப்பு" என்றதும் முகம் வாடிவிட்டது. உருண்டையை வீணாக்காமல் தன் கோழிகளுக்குக் கொண்டுபோனார்.

பட்டாசு செய்கிற பக்கத்தில் இருப்பவன் என்பதால் இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. இங்கே மேய்கிற கோழி எதையும் பொறுக்கும். வெடியுப்பு, தீப்பெட்டி மருந்தில் இருக்கிற குளோரேட் இவையெல்லாம் அதிகமாக உள்ளே போனால் ரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் போகும். கொண்டை நீலம் பாரிக்கும், ரத்தம் சாக்லேட் நிறமாகும். பச்சை வெளிச்சத்துக்குச் சேர்த்துவந்த பேரியம் உப்பு தசைகளைச் செயலிழக்க வைக்கும். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்தைத் தடை செய்தது மனிதர்களின் மூச்சை நினைத்து, கோழியை நினைத்தல்ல. ஆனால் குப்பையைக் கிளறுகிற கோழிக்கும் அதில் பங்கு உண்டு. டப்பா ஒட்டுகிற பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுகிற வழக்கமும் இருக்கிறது. காய்ந்த பசை கோழிக்குச் சோறு மாதிரி, ஆனால் துத்தம் கூடினால் வயிற்றைப் புண்ணாக்கும். விஷம் என்றால் வேகமாக வரும், பல கோழிகளுக்கு வரும். இங்கே வெளிறிய கொண்டை, பல நாள் இளைப்பு, ஒரே கோழி. விஷத்தைத் தள்ளிவைத்தேன்.

கொஞ்சம் நல்லெண்ணெயைத் தீனியில் கலக்காமல் அலகு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கவைத்து, பையை மெதுவாகப் பிசைந்து பார்த்தேன். தளரவில்லை. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைப்பார்கள் சிலர், அதைச் செய்யாதீர்கள். கோழிக்கு மூச்சுத் துவாரம் நாக்கின் அடியிலேயே இருக்கிறது, வெளியே வருகிற தண்ணீர் நேராக அதில் இறங்கிக் கண்ணெதிரே செத்துப்போகும்.

கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா தொட்ட மாத்திரத்தில், "உள்ள நாரு மாதிரி என்னமோ இருக்கு அண்ணே, திறந்துதான் எடுக்கணும்" என்றார். மரத்துப்போக ஊசி, இறகைப் பிடுங்கி ஒரு சின்னக் கீறல், உள்ளே இன்னொன்று. இடுக்கியால் இழுத்தார், இழுக்க இழுக்க வந்தது. காய்ந்த அறுகம்புல், மக்காச்சோளத் தாள், இவற்றையெல்லாம் சுற்றிப் பின்னிக்கொண்டு சணல் நூல். புழு என்று நினைத்து ஒரு முனையை விழுங்கியிருக்கும், மீதியும் தன்னால் இறங்கியிருக்கும்.

எங்கள் ஊரில் சணலுக்குப் பஞ்சமில்லை. காகிதக் கட்டும் அட்டைக் கட்டும் சணல் போட்டுத்தான் வருகின்றன, அணுகுண்டு என்று நாம் வெடிக்கிற வெடியின் மேல் சுற்றியிருப்பதும் சணல். அறுத்துப் போட்ட துண்டுகள் தெருவோரம், வாறுகால், வேலிமுள் எங்கும் கிடக்கும். நெல் விளைகிற ஊர்க் கோழிக்கு இந்த நோய் எத்தனை வரும் என்று சொல்ல முடியாது. இங்கே இது வந்தால் ஆச்சரியப்படவும் முடியாது.

டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார்: "கோழிக்கு மணல் கிடைக்குதா?" கோழிக்குப் பல் கிடையாது, அது விழுங்கி வைக்கிற சிறு கற்கள்தான் அரைவைப்பையில் தீனியை அரைக்கின்றன. எங்கள் கரிசல் களிமண். கல் என்று பொறுக்கினால் கிடைப்பது சுக்கான். சுக்கான் சுண்ணாம்புச் சத்து, முட்டை ஓட்டுக்கு நல்லது, ஆனால் வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும், அரைக்காது. கடினமான மணற்பொடிக் கல் வேண்டும். வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு சட்டிப் பருமணல் வாங்கி வந்து கூட்டருகே கொட்டி வைத்திருக்கிறேன். முதல் நாளே சேவல் உட்பட எல்லாம் வந்து பொறுக்கின.

செவலைக்கு இரண்டு அடுக்குத் தையல். கொஞ்ச நாளைக்குக் கேப்பைக் கூழும் தயிரும் சிறுகச் சிறுக. தனிப் பஞ்சாரத்தை உடனே எடுக்கவில்லை. சிவப்பாக ஏதாவது தெரிந்தால் மற்றவை கொத்தும், தையலைப் பிரித்தே விடும். புண் ஆறிக் கூட்டத்தில் விட்டபோது நார்வேக்காரர் எழுதிய வரிசை வேலை செய்தது: முதலிடத்தில் கருப்பி என்கிற பெட்டை உட்கார்ந்திருந்தது, செவலை நாலாவது இடத்துக்கு இறங்கியிருந்தது. மருந்தகத்தில் காசு வாங்கவில்லை. மதினி மட்டும் போக வரச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு ரெண்டு கிலோ கறிக்கோழி வாங்கிருக்கலாம்" என்றார்.

மதினியோடு எனக்கு உண்மையில் வழக்கு அந்தக் காசில் இல்லை. தூங்குகிற கோழியை அடிப்பதிலும்கூட இல்லை. இரண்டு கோழி தூங்கினதும் மிச்சத்தைக் கூடையில் அள்ளிக்கொண்டு வாரச்சந்தைக்கு ஓடுகிறார்களே, அதில்தான். வெள்ளைக்கழிச்சல் கிருமி உடம்புக்குள் நுழைந்து வெளியே தெரிய சாதாரணமாக ஐந்தாறு நாள் ஆகும், சிலதில் இரண்டு வாரம்கூடப் பிடிக்கும். சந்தையில் கொழுகொழுவென்று நிற்கிற கோழி அந்த இடைவெளியில் இருக்கலாம். வாங்கினவர் வீட்டுக் கூட்டத்தில் அது நோயை இறக்கும். அடித்தவர் வீட்டில் கழுவிய தண்ணீரும் இறகும் குடலும் குப்பைமேட்டுக்குப் போகும். அங்கே அடுத்த வீட்டுக் கோழி வரும். மனிதர்களுக்குப் பெரும்பாலும் கண் சிவந்து உறுத்துவதோடு சரி, அதனால் யாரும் அஞ்சுவதில்லை. ஒரு வீட்டு நஷ்டத்தைத் தெரு முழுக்கப் பங்கு போடுகிற வழக்கம் இது.

செத்த கோழியைத் தூக்கி எறியாமல் அன்றைக்கே மருந்தகத்துக்குக் கொண்டுபோனால் அறுத்துப் பார்ப்பார்கள். அரைவைப்பைக்கு முந்தின சிறுவயிற்றில் புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு இருந்தால் ராணிக்கெட் சந்தேகம் வலுக்கும், பிறகு ஆய்வகம் உறுதி செய்யும். மிச்சக் கோழிகளைக் காப்பாற்ற அந்தச் செத்த கோழி ஒன்றே வழி சொல்லும். வண்டி வசதி இல்லாதவர்களுக்கு 1962 எண் இருக்கிறது. எப்படியானாலும் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

நோய் வந்த பிறகு ராணிக்கெட்டுக்கு மருந்து கிடையாது, ஊசி மட்டும்தான். கால்நடைத் துறை வருஷா வருஷம் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துவது கோடைக்கு முன்னால் அதை முந்திக்கொள்ளத்தான். மேய்கிற கோழியைப் பிடிக்க முடியாது என்பதால் தீனியோடு கலந்து வைக்கிற குருணை மருந்தைக்கூடப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. ஊசிதான் என்றால் ஒரே வழி, விடியும் முன்னே, பஞ்சாரத்தைத் திறந்துவிடாமல் அப்படியே கொண்டுபோவது. மதினி இதுவரை ஒரு கோழிக்கும் போட்டதில்லை. இந்தத் தடவை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சேவல் ராத்திரி வேப்பமரத்து உச்சியில் அடைகிற ஜாதி. ஏறிப் பிடிப்பது என் வேலையாம்.